வாய்க்குப் படிந்த ரீடு

முருகையனுக்கு மேல்வரிசை முன்பல் இரண்டும் போனது ஆவணி மாதம், செங்கம் ரோட்டில் நடந்த ஒரு மாப்பிள்ளை அழைப்பில். மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருவன் குடித்துவிட்டு பேண்டுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தான். ஆட்டத்தோடு விட்டிருக்கலாம். சாக்சபோனின் பித்தளை வாயை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தான். "இன்னும் சத்தமா ஊதுயா" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று கையை விட்டான். குழல் திரும்பி வந்து முருகையன் வாயில் இடித்தது. பல் இரண்டும் உள்ளங்கையில் விழுந்தன. வாயில் கவ்வி ஊதும் மவுத்பீஸின் நுனி தெறித்து எங்கோ போனது.

பெண் வீட்டார் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். "நல்ல காரியம் நடக்கற எடம், பெருசு பண்ணாதீங்க" என்றார் ஒருவர். பேண்டு செட்டை நடத்துகிற பலராமன் ஊர்வலத்தை நிறுத்தவில்லை. நிறுத்தவும் முடியாது. டிரம்பெட்காரர் பாட்டை எடுத்துக்கொண்டார். முருகையன் வாயில் துண்டை அழுத்திப் பிடித்தபடி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பேண்டு தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தார். இருபத்தேழு வருஷத்தில் பேண்டை வெளியிலிருந்து அவர் பார்த்தது அன்றைக்குத்தான்.

பல் டாக்டர் கிளிப் போட்ட செயற்கைப் பல் இரண்டு செய்து கொடுத்தார். கரும்பு கடிக்கக் கூடாது, முறுக்கு கடிக்கக் கூடாது என்று வரிசையாகச் சொன்னார்.

"சாக்சபோன் வாசிக்கலாங்களா?" என்று கேட்டார் முருகையன்.

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே. வாசிச்சிப் பாத்துட்டு வந்து நீங்கதான் எனக்குச் சொல்லணும்."

வாசித்துப் பார்க்க மவுத்பீஸ் இல்லை. அதே மாதக் கடைசியில் மகள் இனியாவைப் பெண் பார்க்க வந்தார்கள். இனியா வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் கான்ட்ராக்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். பையன் சரவணகுமாரும் அங்கேதான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பேசி முடித்துவிட்டுத்தான் பெரியவர்களிடம் சொன்னார்கள். ஒரே சனம் என்பதால் பேச்சு சுலபமாக முடிந்தது. பையனின் அப்பா தசரதன் சர்க்கார் வேலையில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேங்கிக்காலில் மாடி வீடு கட்டியிருக்கிறார். தேய்த்த வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தார்.

"பேண்டுல இருந்தீங்கன்னு சொன்னாங்க. இன்னும் வாசிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"இப்ப எங்க சம்பந்தி, பல்லே போச்சே" என்று முருகையன் சிரித்தார்.

தசரதன் அவருடைய வாயைப் பார்த்தார். "அதுவும் நல்லதுக்குத்தான்னு வெச்சிக்குங்க" என்றார். கதவோரம் நின்ற இனியா எதுவும் சொல்லவில்லை.

புரட்டாசி பிறந்து பத்தாம் நாள் ஒரு பார்சல் வந்தது. பல் உடைந்த வாரமே இனியா ஆன்லைனில் சொல்லி வைத்திருந்த மவுத்பீஸ். பழையது கறுப்பு எபனைட், கெட்டி ரப்பர். பத்தொன்பது வருஷம் கடித்ததில் மேலே இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. இது உலோகம். தங்க நிறத்தில் பளபளவென்று, கழுத்து மெலிந்து இருந்தது.

"இருக்கறதுலயே நல்லதுன்னு போட்டிருந்திச்சிப்பா. பாத்து பாத்து வாங்கினேன்" என்றாள் இனியா.

அம்மா பச்சையம்மாள் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் குலுக்கினாள். "நகை மாதிரி இருக்குதுடி" என்றாள்.

முருகையன் தன் தகர டப்பாவைத் திறந்து ரீடு ஒன்றை எடுத்தார். ரீடு என்பது நாணலில் சீவிய பட்டை, ஒரு விரல் நீளம். மவுத்பீஸின் அடியில் அதை வைத்துக் கட்ட வேண்டும். காற்றுப் பட்டு அது துடித்தால்தான் குழலுக்குள் சத்தம் பிறக்கும். அவர் ரீடை வாயில் போட்டு ஊறவைத்து, கட்டி, மகளுக்கு முன்னால் ஊதினார். காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார். சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற சத்தம். மூன்றாம் முறை மூச்சைப் பிடித்து அழுத்தியபோது ஒரு கிரீச்சல் கிளம்பி, பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

"புதுசு இல்லியா, பழகணும்" என்றார் மகளிடம். மகள் தலையாட்டினாள்.

புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. பேண்டுகாரர்கள் வீட்டுக்கு ஓடு மாற்றுவதும் சட்டை தைப்பதும் அந்த மாதத்தில்தான். ஐப்பசி முதல் முகூர்த்தத்துக்குத் தயாராகிவிடு என்று பலராமன் சொல்லியிருந்தார். முருகையன் தினமும் விடிந்ததும் சமுத்திரம் ஏரிக்கரைக்குப் போனார். ஏரியில் பாதிக்குத்தான் தண்ணீர். மீதியில் கோரை முளைத்து, ஆடுகள் மேய்ந்தன. எதிரே மலை மேகத்துக்குள் தலையைக் கொடுத்துவிட்டு நிற்கும். புளியமரத்தடியில் கல்லில் உட்கார்ந்து ஊதுவார்.

மேல்பல்லை மவுத்பீஸின்மேல் ஊன்றித்தான் இத்தனை வருஷமும் வாசித்தது. இப்போது ஊன்றினால் கிளிப் பல் அசைந்தது. உலோகத்தின் அதிர்வு அப்படியே ஈறுக்குள் இறங்கி, நெற்றிவரைக்கும் கிறுகிறுத்தது. சைக்கிள் டியூப் ரப்பரில் ஒரு துண்டு வெட்டி மேலே ஒட்டிப் பார்த்தார். அதிர்வு குறைந்தது, சத்தம் வரவில்லை. பழைய ரீடு எதுவும் இதில் பேசவில்லை. கீழுதடு உள்பக்கம் பல் பட்டுக் கிழிந்தது. வாயோரத்துச் சதை பத்து நிமிஷத்துக்குள் நடுங்க ஆரம்பித்தது.

வீட்டில் குழம்பு வைப்பது நின்றது. காரம் நாக்கில் பட்டாலே கண்ணில் தண்ணீர் வந்தது. செங்கம் ரோட்டில் ஒரு தங்கும் விடுதியின் சமையலறையில் வேலை செய்யும் பச்சையம்மாள், போகிறதற்குமுன் கேழ்வரகுக் கூழ் கரைத்து மோர் ஊற்றி வைத்துவிட்டுப் போவாள்.

"கொழந்தைக்கு வெக்கிற மாதிரி வெச்சிட்டுப் போறேன்" என்றாள் ஒருநாள். "அந்த நகைய எடுத்து உள்ள வெச்சிட்டு பழசு மாதிரியே ஒண்ணு வாங்கினா இன்னா?"

"பாப்பா வாங்கிக் குடுத்தது."

"பாப்பா வாங்கிக் குடுத்ததுன்னு வாய கிழிச்சிக்குவியா?"

தேரடி வீதியில் வாத்தியக் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் உள்ளே தேடி, தூசி தட்டி ஒரு டப்பா கொண்டுவந்தார். மூன்றாம் நம்பர் ரீடு. நம்பர் ஏற ஏறப் பட்டை கெட்டியாகும். முருகையன் வாசித்துப் பழகியது இரண்டரை. புது மவுத்பீஸுக்குக் கெட்டிப் பட்டைதான் தாங்கும் என்றார் கடைக்காரர். வாங்கிப்போய்க் கட்டினால் காற்றுகூட உள்ளே போகவில்லை. ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினார். ஒருநாள் காலையில் ஏரிக்கரையில் ஊதி ஊதிக் கண் இருட்டி, குழலை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆடு மேய்க்கிற சந்திரம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒடம்பு ஏதாச்சும் பண்ணுதா?"

"ஒண்ணுமில்ல தாயி."

"முன்னெல்லாம் நீ ஊதுனா ஆடு தல தூக்கிப் பாக்கும். இப்ப ஓடுது" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள்.

அன்றைக்கே வேலூருக்கு பஸ் ஏறினார். அங்கே தருமன் இருந்தான். முருகையனைவிடப் பதினைந்து வயது சின்னவன். சர்ச்சிலும் ரிசப்ஷன் ஆர்க்கெஸ்ட்ராவிலும் சாக்சபோன் வாசிக்கிறவன். ஆரணியில் ஒரு கல்யாணத்தில் பழக்கம். தருமன் மவுத்பீஸை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"இத யாருணா செலக்ட் பண்ணது?"

"பொண்ணு."

"நல்ல சாமான்தான். ஆனா நுனியில தொறப்பு எவ்ளோ ஜாஸ்தி பாரு. உன் பழசு வாய மூடிக்கினு இருந்திருக்கும், அதுக்கு ரெண்டரை சரி. இது ஆன்னு தொறந்துகினு இருக்குது. இதுல கெட்டிப் பட்டையக் கட்டினா அது எப்படிணா போய் மூடும்? பட்ட அடிச்சாத்தானே சத்தம்."

"கடைக்காரரு மூணாம் நம்பர் போடச் சொன்னாரு."

"அவருகிட்ட மூணுதான் இருந்திருக்கும்."

தருமன் தன் பையிலிருந்து ஒன்றரையும் இரண்டும் எடுத்துக் கொடுத்தான். ஒன்றரை உடனே பேசியது. முருகையன் முகம் மலர்வதற்குள் மேல் ஸ்தாயியில் சத்தம் மெலிந்து கொசு பாடுவதுபோல் ஆனது. இரண்டு கொஞ்சம் அடம்பிடித்தது. ஆனால் அடித்தொண்டையிலிருந்து ஒரு உருண்டையான சத்தம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"இதுதான்" என்றான் தருமன். "ஆனா நீ கடிக்கிற. கிளிப்பக் கழட்டு."

"கழட்டிட்டா எதுல ஊனுறது?"

"எதுலயும் ஊனாத. கீழுதட்ட மடிக்கிற இல்ல, அதே மாதிரி மேலுதட்டையும் உள்ள மடி. பல்லே படக்கூடாது. ரெண்டு உதடும் மெத்த மாதிரி நடுவுல புடிச்சிக்கணும்."

"உதட்டுல எங்கடா பலம்?"

"வரும். ஒரு மாசம் வலிக்கும், அப்புறம் வரும். வெள்ளக்காரங்கள்லயே பழைய ஆளுங்க சில பேரு அப்படித்தான் வாசிச்சாங்களாம். கடிக்கிற வாய்க்கு இருக்கற வெறைப்பு இதுல இருக்காது. தொண்டையத் தொறந்து வுட்டாத்தான் ஓடும்."

தருமன் ஒரு டப்பா இரண்டாம் நம்பர் கொடுத்தனுப்பினான். பத்து ரீடில் நாலுதான் பேசும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டான். மூன்றுதான் பேசின. மழை வந்ததும் அதில் ஒன்று ஓரத்தில் அலை அலையாக நெளிந்துகொண்டது. மிச்சத்தை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்துக் காயவைத்தார். கொஞ்சம் கனமாக இருந்த ஒன்றை வழவழப்பான உப்புத்தாளில் ரெண்டு இழுப்பு இழுத்து, ஊதிப் பார்த்து, இன்னும் ஒரு இழுப்பு இழுத்தார். நாலாவது இழுப்புக்குக் கை போனபோது பச்சையம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"போதும். இப்ப வந்த சத்தம் நல்லாருந்திச்சி."

"உனுக்கு இன்னா தெரியும்?"

"இருவத்தாறு வருஷமா இந்தக் காதுதானே கேக்குது."

அவள் சொன்னது சரியாக இருந்தது. மேலுதடு வீங்கி, தோலுரிந்து, பிறகு கெட்டியானது. ஐப்பசி முதல் முகூர்த்தம் தவறியது, இரண்டாவதும் போனது. மூன்றாவதற்கு முருகையன் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, கிளிப் பல்லைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பேண்டு வண்டியில் ஏறினார்.

வேங்கிக்காலில் ஒரு அதிகாரி வீட்டுக் கல்யாணம். சாயங்காலம் தூறல் போட்டு நின்றிருந்தது. ரோட்டில் தண்ணீர் தேங்கி, அதில் சீரியல் லைட் மினுங்கியது. பலராமன் கையைத் தூக்கினார். டிரம் விழுந்தது. முருகையன் பழைய படப் பாட்டு ஒன்றை எடுத்தார். முதல் வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ரீடு உதட்டுக்குள் உயிரோடு இருந்தது. கடித்து வாசித்த காலத்தில் அவருடைய சாக்சபோனில் ஒரு கூர்மை உண்டு. கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகும். இப்போது வந்தது வேறு குரல். அகலமாக, கொஞ்சம் கரகரப்பாக, நடுவயதுப் பொம்பளை ஒருத்தி அழுது முடித்துவிட்டுப் பாடுவதுபோல் இருந்தது. டிரம்பெட்காரர் தன் வாத்தியத்தை இறக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். மாடியிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பலராமன் அடுத்த பாட்டுக்குப் போகாமல் அதையே இன்னொரு சுற்று வரச்சொல்லிக் கைகாட்டினார்.

மண்டப வாசலில் நாற்காலி போட்டு விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது நாற்காலியில் தசரதன். முருகையன் வாசித்துக்கொண்டே கண்ணால் சிரித்தார். தசரதன் குனிந்து செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார். பேண்டு அவரைத் தாண்டிப் போகும்வரை நிமிரவில்லை.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. இனியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ப்பா, வேங்கிக்கால்ல வாசிச்சியா?"

"ஆமா பாப்பா. ரீடு எப்படிப் பேசிச்சின்னு நீ கேட்டிருக்கணும்."

"சரவணனோட அப்பா அங்க இருந்தாராம்."

"நானும் பாத்தேன். சிரிச்சேன். கவனிக்கல போல."

"கவனிச்சாரு."

முருகையன் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் வெங்காயத்தையே பார்த்தாள்.

"நீ வுட்டுட்டன்னு நெனைச்சிக்கினு இருந்தாராம்."

"வுட்டுட்டேன்னு நான் எப்ப சொன்னேன்?"

"பல்லு போச்சுன்னு சொன்னியே."

"பல்லு போச்சுன்னுதான் சொன்னேன்."

"நான் அப்பவே திருத்திச் சொல்லியிருக்கணும். சொல்லல." கத்தியைக் கீழே வைத்தாள். "அவரோட வேல பாத்தவங்கல்லாம் கல்யாணத்துக்கு வருவாங்களாம். எம் மருமவளோட அப்பா தெருவுல ஊதிக்கினு போவாரு, நான் நாக்காலியில உக்காந்து பாக்கணுமான்னு கேட்டாராம்."

அடுப்படியிலிருந்து பச்சையம்மாள் வந்தாள். "அவரு அப்பா மண்ணாங்கட்டித் தாத்தா மட்டும் இன்னா பண்ணாரு? சாவு ஊட்டுக்கு ஊட்டுக்கு மேளம் அடிச்சவருதானே? அவரு அடிச்சிக் கொண்டாந்து போட்டுத்தானே இவரு படிச்சாரு?"

"அதனாலதாம்மா" என்றாள் இனியா.



"மாப்ள இன்னா சொல்றாரு?" என்று முருகையன் கேட்டார்.

"அவரு ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லலன்னா?"

"ஒண்ணும் சொல்லலப்பா." இனியாவின் குரல் உடைந்தது. "கல்யாணம் முடியற வரைக்கும்தான். தை வரைக்கும். அதுக்கப்புறம் யாரு கேக்கப் போறாங்க?"

நீ வாங்கிக் கொடுத்ததுதானே என்று கேட்க முருகையனுக்கு வாய் வந்தது. அவளுக்கும் அது தெரியும் என்பது முகத்தில் இருந்தது. அதனால் கேட்கவில்லை. "சரி" என்றார்.

பலராமனிடம் போய்ச் சொன்னபோது அவர் யூனிபாரத்துக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"தை வரைக்கும்னா பாதி சீசன் போயிடுமேயா. அன்னிக்கு வாசிச்சதக் கேட்டுட்டு நாலு பேரு அந்த சாக்சபோன்காரரு வருவாரான்னு கேட்டு புக் பண்ணியிருக்கறாங்க."

"பொண்ணு கேக்குது பலராமா."

பலராமன் ஊசியில் நூலைக் கோத்தார். "எம் பொண்ணு கேட்டா நானும் இப்படித்தான் வந்து யார்கிட்டயாவது நிப்பேன். ஆனா எடத்த காலியா வெச்சிக்கினு இருக்க முடியாது முருகையா. போளூர்ல ஒருத்தன் இருக்கறான். அவனக் கூப்புடுறேன்."

தையில் கல்யாணம் நடந்தது. மண்டபத்து வாசலில் கேரளத்துச் செண்டை மேளம் வைத்திருந்தார் தசரதன். இப்போது பெரிய இடத்துக் கல்யாணத்துக்கெல்லாம் அதுதான். கட்டுமஸ்தான ஆட்கள் வரிசையாக நின்று அடித்தார்கள். மண்டபத்துக் கண்ணாடி அதிர்ந்தது. முருகையன் பட்டு வேட்டி கட்டி, கிளிப் பல் மாட்டி, வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பேண்டு ஆட்கள் யாரையும் கூப்பிடவில்லை. ஓரமாக ஒரு நாற்காலியில் தசரதனின் அப்பா மண்ணாங்கட்டி உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டிய கறுத்த உடம்பு. சம்பந்தியைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"நீ சாக்சபோன்காரனாமே?"

"ஆமாங்க பெரியவரே."

"நல்லாத்தான் அடிக்கிறானுங்க இவனுங்க. ஆனா பாட்டு எங்க?" என்றார் கிழவர். "வெறும் அடியா இருக்குதே. நடுவுல பாட வேணாமா ஒருத்தன்?"

தசரதன் அந்தப் பக்கம் திரும்பியதும் கிழவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மாசியில் முருகையன் பலராமனைத் தேடிப் போனார். போளூர்க்காரன் வாசித்துக்கொண்டிருந்தான். சின்ன வயசு, பல் எல்லாம் இருந்தது. பலராமன் டீ வாங்கிக் கொடுத்தார். இதைக் கேள்விப்பட்டோ என்னவோ, தசரதனே ஒரு வேலை ஏற்பாடு செய்து தந்தார். வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் பகல் வாட்ச்மேன். நீலச் சட்டை, தொப்பி, ஒரு விசில்.

"நெழல்ல உக்காந்து பாக்கற வேல, மரியாதையான எடம், ஆபீசருங்கதான் குடியிருக்கறாங்க" என்றார் தசரதன். அவர் மனமார நல்லது செய்கிறார் என்பது தெரிந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. இனியாவின் முகத்துக்காக முருகையன் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

வேலைக்குப் போகுமுன் ஏரிக்கரைக்குப் போவதை மட்டும் விடவில்லை. ஆறு மணிக்கு உட்கார்ந்தால் ஏழரைவரைக்கும் வாசிப்பார். ரீடு தீரத் தீர தருமன் பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். உதடு இரண்டும் காய்த்து, மவுத்பீஸ் எங்கே முடிகிறது வாய் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்குப் படிந்துவிட்டது. சந்திரம்மாளின் ஆடுகள் பக்கத்திலேயே மேய்ந்தன. அந்த வாசிப்பைப் பற்றி வீட்டில் பச்சையம்மாளுக்கு மட்டும்தான் தெரியும்.

பகலில் கேட்டருகே உட்கார்ந்திருப்பார். பக்கத்துத் தெருவில்தான் தசரதன் வீடு. மத்தியானம் மகனும் மருமகளும் தூங்கும் நேரம் பார்த்து மண்ணாங்கட்டி தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிடுவார். முருகையன் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் படியில் உட்காருவார். கிழவர் எந்த ஊரில் எந்தச் சாவுக்கு எத்தனை மேளம் என்று சொல்லுவார். ஒரு பண்ணையார் சாவில் விடிய விடிய அடித்தது, கையில் ரத்தம் வந்தது, அடுத்த நாள் அதே கையோடு நாற்று நட்டது.

"எம் மவன் இதெல்லாம் பேசக்கூடாதுன்றான்" என்றார் ஒருநாள். "பேசலன்னா நான் யாரு? எம்பது வருஷம் சும்மா சோறு தின்னனா?"

"அவரு பட்டது அப்படிங்க."

"பட்டான். பள்ளிக்கூடத்துல எல்லாப் பசங்களும் டேய் மேளம்னுதான் கூப்புடுவானுங்களாம். சாப்பாட்டுக்குத் தனியா ஒக்கார வெப்பானுங்களாம். எனுக்குத் தெரியும்." கிழவர் முருகையனின் முழங்காலில் விரலால் மெதுவாகத் தாளம் போட்டார். "நீ வாயாலயே பாடு. யாரும் இல்ல."

முருகையன் மெல்ல முனகினார். கிழவர் விரலால் அடித்துக்கொண்டே வந்தார். மாசியும் பங்குனியும் இப்படிப் போயின. அந்தக் குடியிருப்பில் அவரை மனுஷனாக மதித்துப் பேசியது அந்தக் கிழவர் ஒருவர்தான்.

சித்திரையில் மண்ணாங்கட்டி விழுந்து படுத்தார். அஞ்சாம் நாள் காலையில் போய்விட்டார். முருகையன் சம்பந்தி முறைக்குக் கோடித் துணியும் மாலையும் வாங்கிக்கொண்டு, மனைவியோடு போனார். வெயில் பத்து மணிக்கே கொளுத்தியது. வாசலில் ஷாமியானா. உள்ளே ஐஸ் பெட்டியில் கிழவர் வாய்க்கட்டோடு படுத்திருந்தார். தெருவில் பலராமனின் பேண்டு நின்றது. முருகையனுக்கு ஆச்சரியமாக இருந்தது. சாக்சபோன் இல்லை. போளூர்க்காரன் வேறு ஊரில் வேறு வேலைக்குப் போயிருந்தான்.

மாலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது தசரதன் அவரைக் கையைப் பிடித்து வீட்டுப் பக்கவாட்டில் கூட்டிக்கொண்டு போனார். சட்டை கசங்கியிருந்தது. மூன்று நாள் தாடி. இத்தனை மாதத்தில் அவரை அப்படி முருகையன் பார்த்ததில்லை.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க."

"அப்பா மூணு நாளா ஒண்ணேதான் சொல்லிக்கினு இருந்தாரு. மேளம் வெய்யிடான்னு. சரின்னேன். அப்புறம், சம்பந்திய வாசிக்கச் சொல்லுடான்னாரு. நான் பதில் சொல்லல. மூச்சு நிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடியும் கேட்டாரு." தசரதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க வாசிக்கணும். சரவணன பைக்ல அனுப்புறேன், ஊட்ல இருந்து எடுத்தாந்துடுவான்."

முருகையன் அன்றைக்குக் காலையிலும் ஏரிக்கரையில் ஒன்றரை மணி நேரம் வாசித்துவிட்டு வந்திருந்தார். உதட்டில் இன்னும் அந்தத் தினவு இருந்தது. கிழவரை நினைத்ததும் மார்பில் என்னவோ பொங்கியது. வாயைத் திறந்தார்.

"வாசிக்கிறத நான் வுட்டுட்டேனே சம்பந்தி" என்றார்.

"கொஞ்சநேரம்தான். தெருமுனை வரைக்கும்."

"ஆறு மாசமாச்சி. வாய் வராது. ரீடெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன். மவுத்பீஸ் எங்க இருக்குதுன்னே தெரியல."

தசரதன் இரண்டு கையையும் கூப்பினார். "நான் சொன்னத மனசுல வெச்சிக்காதீங்க."

"மனசுல இன்னா இருக்குது. நீங்க சொன்னது எங்க நல்லதுக்குத்தானே. ஆபீசருங்கல்லாம் வந்திருக்கறாங்க பாருங்க, நாக்காலியில உக்காந்துகினு." முருகையனின் குரல் பணிவாகவே இருந்தது. "அவங்க முன்னால உங்களுக்கு ஏன் சங்கடம்?"

தசரதன் கையை இறக்கினார். சற்றுநேரம் சுவரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பியபோதுதான் பின்வாசலில் இனியா தண்ணீர்க் குடத்தோடு நிற்பதை முருகையன் கவனித்தார்.

மூன்று மணிக்குக் கிழவரை எடுத்தார்கள். டிரம்பெட்காரர் தனியாக வாசித்துக்கொண்டு போனார். முருகையன் தோளில் துண்டோடு, ஆண்களோடு சேர்ந்து பின்னால் நடந்தார். பலராமன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அப்புறம் பார்க்கவில்லை. காலுக்குக் கீழே தார் இளகியது. சுடுகாடுவரைக்கும் நடந்து, குளித்து, ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தபோது, மகள் சொல்லி விஷயம் தெரிந்திருந்த பச்சையம்மாள் கேட்டாள்.

"சொன்னது நல்லாருந்திச்சா?"

"எது?"

"அவர்கிட்ட சொன்னது. சொல்லி முடிச்சதும் நல்லாருந்திச்சான்னு கேக்கறேன்."

முருகையன் சோறு போடச் சொன்னார். போட்டாள். சாப்பிட முடியவில்லை.

பால் தெளித்த மறுநாள் மத்தியானம் இனியா ஸ்கூட்டியில் வந்தாள். அரை நாள் விடுப்பு முடிந்து அலுவலகத்துக்குப் போகிற வழி. முருகையன் தொப்பியோடு கேட்டருகே உட்கார்ந்திருந்தார். நாற்காலியை விட்டு எழுந்தார். அவள் உட்காரவில்லை.

"சாப்ட்டியா பாப்பா?"

"காலையில ஏரிக்கரைக்குப் போனியா?"

அவர் தொப்பியைச் சரிசெய்தார்.

"எனக்குத் தெரியும்பா. மாசியிலிருந்தே தெரியும். அந்த ஆடு மேய்க்கிற அம்மா ரேஷன் கடையில சொன்னாங்க. எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்திச்சி, யார்கிட்டயும் சொல்லல." அவள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "மாமாவ நீ என்னா சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். என்ன நாலு அற அறைஞ்சிருந்தாகூட கேட்டிருக்க மாட்டேன்."

"இனியா..."

"தாத்தா உனக்கு என்னாப்பா பண்ணாரு?"

முருகையன் வாயைத் திறந்தார். உள்ளிருந்து ஒரு கார் வந்து கேட்டுக்குமுன் நின்று ஹாரன் அடித்தது. இன்னொருமுறை அடித்தது. அவர் ஓடிப்போய்க் கேட்டைத் தள்ளித் திறந்து, ஓரமாக நின்று, நெற்றியில் கைவைத்து சல்யூட் அடித்தார். கார் போனது. கேட்டை இழுத்து மூடிக் கொக்கியை மாட்டிவிட்டுத் திரும்பும்போது மகள் தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.